‘க்கு’ விழுந்துபோன மூங்கில் வேலி

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு, சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து உங்கள் சம்பந்தி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு உங்கள் நலத்தை, காலையில் நீங்கள் தும்முகிற சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். நேற்றைய தும்மல் திடமாகவே இருந்தது, மகிழ்ச்சி. கூப்பிடு தூரத்தில் இருக்கிற மனுஷனுக்குக் கடிதமா என்று கேட்பீர்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. வாசலுக்கு வந்தால் சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே “அவர் தூங்கறாரே” என்கிறார், உள்ளேயிருந்து உங்கள் செருமல் கேட்கிறது. தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி இருக்கிறவரை யாரால் எழுப்ப முடியும்? ஆகவே கடிதம்.

உங்கள் கோபம் நியாயமானது. மகன் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஆசையாகத் திரும்பி வருகிறீர்கள். வந்து பார்த்தால், தினமும் சாயங்காலம் நாம் சதுரங்கப் பலகையை மேலே வைத்து, நீங்கள் அந்தப் பக்கம் ஸ்டூல், நான் இந்தப் பக்கம் ஸ்டூல் என்று உட்கார்ந்து ஆடுகிற குட்டைச் சுவரை ஒட்டி, என் தோட்டத்தில் மூங்கில் கோட்டை மதில் மாதிரி நிற்கிறது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. தண்ணீர் ஊற்ற வந்த நர்சரிக்கார அம்மாவிடம் நீங்கள் “இது என்னம்மா?” என்று கேட்க, அவரும் பெருமையாக, “கவலையே படாதீங்க ஐயா, இன்னும் ரெண்டு மழை பேஞ்சா நீங்க சுத்தமா தெரிய மாட்டீங்க. சம்பந்தி தெரியக் கூடாதுன்னு சொல்லித்தான் நடச் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டார். நீங்கள் அதை உங்கள் மகனிடம் சொல்ல, மாப்பிள்ளை அதை என் மகளிடம் கேட்க, என் மகள் எனக்குப் போன் போட்டு, “ஏம்ப்பா, எங்க மாமனார் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்கலேன்னா வேற பக்கம் திரும்பி உட்கார வேண்டியதுதானே, அதுக்கு இவ்வளவு பெரிய காடா வளர்க்கணும்?” என்கிறாள்.

சம்பந்தி, நான் சொன்னது அதுவல்ல. நான் சொன்னதில் ஒரு ‘க்கு’ விழுந்துபோய்விட்டது. வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்திய உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நான் சொன்னது “சம்பந்திக்குத் தெரியக் கூடாது” என்று. அதாவது, நீங்கள் ஊரிலிருந்து வருகிற வரைக்கும் விஷயம் உங்கள் காதுக்குப் போகக் கூடாது, வந்ததும் திகைத்துப் போக வேண்டும் என்று. அந்த அம்மா காதில் விழுந்தது “சம்பந்தி தெரியக் கூடாது” என்று. ‘க்கு’ போகும்போது சந்தி ‘த்’தையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விட்டது, அதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ரகசியமாயிற்றே என்று நான் குரலைத் தாழ்த்தினேன், அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் மோட்டார் ஓடியது. வேறென்ன சொல்ல?

நீங்கள்தான் ஒருநாள் ஆட்டத்தின் நடுவில், என் யானையை வெட்டிய சந்தோஷத்தில், ஏதோ பத்திரிகைப் படத்தைக் காட்டி, “மூங்கில்ல மஞ்சள், கறுப்பு, நீலமெல்லாம் இருக்காம் சம்பந்தி. இப்படி ஒரு தோட்டத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா தோத்தாக்கூட வருத்தம் தெரியாது” என்றீர்கள். தோற்பது எப்போதும் நான்தான் என்பது வேறு விஷயம். அதை மனதில் வைத்துக்கொண்டு, நீங்கள் ஊருக்குக் கிளம்பியதும் மனைவியையும் கூட்டிக்கொண்டு நர்சரிக்குப் போனேன்.

மனைவியைக் கூட்டிக்கொண்டு போனது தப்பு என்று சொல்லமாட்டேன், அவர் இந்தக் கடிதத்தைப் படிப்பார். ஆனால் ஜவுளிக்கடையில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும். ஒவ்வொரு தொட்டியாக முன்னால் இழுத்துப் போடச் சொல்லி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, “இதே மஞ்சள்ல இன்னும் கொஞ்சம் அடக்கமா இருக்குமா?” என்று கேட்டு, கடைசியில் முதலில் பார்த்ததற்கே வந்தார். மஞ்சள் தண்டு, அதில் மேலிருந்து கீழே பச்சைக் கோடு. பார்த்ததும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. பெயிண்ட் கடையில் கலர் கலந்தே தலை நரைத்தவன் நான். இவ்வளவு நேராகக் கோடு, அதுவும் ஒரு கணுவில் இடது பக்கம், அடுத்த கணுவில் வலது பக்கம் என்று மாற்றி மாற்றி, இயற்கையாக வருமா? எவனோ நல்ல பிரஷ்காரன் இழுத்த கோடு என்று முடிவு கட்டி, பழக்கத்தில் பையிலேயே கிடக்கிற, பெயிண்ட் அழிக்கும் தின்னர் துணியால் யாரும் பார்க்காதபோது தேய்த்தேன். கோடு அசையவில்லை. துணிதான் அழுக்கானது. சரி, இது அசல் என்று விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த நீல மூங்கிலைத் தேய்த்தேன் பாருங்கள், தேய்த்த இடத்தில் நீலம் முழுக்கக் கையோடு வந்துவிட்டது. கீழே வெறும் பச்சை. அகப்பட்டான் திருடன் என்று ஊரைக் கூட்டினேன். அந்த அம்மா நிதானமாக வந்து பார்த்துவிட்டு, “அது அதோட உடம்புல தானா வர்ற மாவுங்க. குழந்தைக்குப் பவுடர் போட்ட மாதிரி இருந்துச்சு, தொடைச்சு வெச்சுட்டீங்க. இனிமே அதை நீங்கதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றார். ஆக, நீலம் நாங்கள் தேர்ந்தெடுத்ததல்ல, அது எங்களைத் தேர்ந்தெடுத்தது.

கறுப்பு மூங்கில் காட்டுங்கள் என்றேன். பச்சையாக ஒன்றைக் காட்டினார். “கறுப்புன்னு சொன்னேன்” என்றேன். “இது கறுப்புதாங்க. இப்ப பச்சை, வயசாக ஆகக் கறுக்கும்” என்றார். என் மனைவி என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எங்க வீட்டுல கறுப்பா வந்ததெல்லாம் வயசாக ஆக வெளுத்துத்தான் போயிருக்கு, இது ஒண்ணாவது கறுக்கட்டும், எடுத்துக்கலாம்” என்றார். கடைக்கு வந்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? மனைவி அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டது ஒரே கேள்விதான்: “இது எவ்வளவு அடர்த்தியா வரும்?” குடும்பப் பெண்ணுக்குத் தோட்டத்தின் மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போனேன்.

தள்ளித் தள்ளி நட வேண்டும், தண்டின் நிறம் தெரிகிற மாதிரி அடிக்கிளைகளைக் கழித்துவிட வேண்டும், உங்கள் ஸ்டூலிலிருந்து பார்த்தால் மஞ்சள், நடுவில் என் முகம், அப்புறம் நீலம் என்று வர வேண்டும், இதுதான் என் திட்டம். நர்சரி ஆட்கள் வந்து நடுகிற அன்றைக்கு, “நான் பார்த்துக்கறேன், நீங்க போய் முடி வெட்டிக்கிட்டு வாங்க” என்று மனைவி அனுப்பிவைத்தார். திரும்பி வந்து பார்த்தால் ஈ நுழைய இடமில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே இலை. நீங்கள் இருக்கிற திசையே தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அது இதுதான். எல்லாம் அந்த ஒரு ‘க்கு’ செய்த வேலை.

சம்பந்தி, உங்கள் முகத்தைப் பார்க்காமல் எனக்குச் சாயங்காலம் போகவே மாட்டேன் என்கிறது. பாதியில் விட்ட ஆட்டத்தை அப்படியே ஒரு காய் நகராமல் அலமாரி மேல் எடுத்து வைத்திருக்கிறேன். என் ராணி இன்னும் உங்கள் குதிரையின் வாயில்தான் நிற்கிறாள். மனைவியோடு ஆடலாம் என்று கூப்பிட்டேன், “முதல்ல குழாயைப் பாருங்க, ஒழுகுது” என்கிறார். நமக்குள் சம்பந்தம் வந்தது பிள்ளைகளால், சிநேகிதம் வந்தது அந்தச் சுவரால். கோபம் ஆறியிருந்தால் இந்தக் கடிதத்தில் உள்ள பிழைகளை உங்கள் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புங்கள், அதையே சமாதானமாக எடுத்துக்கொள்கிறேன். அதற்காகவே சில பிழைகளை விட்டுவைத்திருக்கிறேன். மற்றவை தானாக வந்தவை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன், நல்ல மனுஷி, நமக்காகப் பேசுவார். உங்கள் தும்மல் நீங்கி, நீங்களும் உங்கள் குதிரைகளும் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வெளியே தெரியாமல் உள்ளே வாடும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மனைவி வாங்கிப் படித்தார். சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். “அந்தம்மா காதைக் குறை சொல்லாதீங்க. நீங்க சொன்னது அவங்களுக்கு நல்லாவே கேட்டுது. அப்புறமா நான்தான் போன் பண்ணி, சம்பந்தி தெரியக் கூடாது, நெருக்கமா நட்டுடுங்க, ஒரு இலையைக்கூடக் கழிக்காதீங்கன்னு சொன்னேன். ரெண்டு பேரும் சுவத்துல சாய்ஞ்சா எழுந்திருக்கறதே இல்லை. இங்க குழாய் ஒழுகுது, அங்க ஜன்னல் கொக்கி தொங்குது. யோசனை என்னோடதுகூட இல்லை, சம்பந்தியம்மாவோடது” என்றார்.

ஆகவே சம்பந்தி, மேலே எழுதியதை அடித்துவிடவும். ‘க்கு’ விழவில்லை, விழுந்தது நாம்தான். மனைவி இப்போது உங்கள் வீட்டுக்குத்தான் கிளம்பிப் போயிருக்கிறார், இரண்டு பேர் சிரிப்பும் இங்கே கேட்கிறது. அதனால் இதைச் சம்பந்தியம்மாவிடம் கொடுக்காமல், சுருட்டி மூங்கில் இடுக்கு வழியாக உங்கள் ஸ்டூல் பக்கம் போடுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள், பிழை திருத்த உட்கார்ந்துவிடாதீர்கள். நீல மூங்கிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம் இருக்கிறது. பலகையை அங்கே கொண்டுபோய் வைத்தாயிற்று. ஒன்றே ஒன்று, உள்ளே வரும்போது அந்த நீல மாவு முதுகில் ஒட்டிக்கொள்ளும், வீட்டில் பார்த்தால் பிடித்துவிடுவார்கள். உங்களிடம் வெளிர்நீலச் சட்டை ஒன்று இருக்குமே, அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். கலரைத் தண்டோடு வைத்துப் பார்த்துவிட்டு, நான் என்னுடையதைப் போட்டுக்கொண்டாயிற்று.