தங்கமீன் மார்க்குக்கு வந்த சீக்கு

சிவகாசி,
14-2-1961.

மகா கனமும் அன்பும் பொருந்திய மைத்துனர் யோபு அவர்களுக்கு, லித்தோ ஆர்ட்டிஸ்ட் செல்வநாயகம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும், உங்கள் தங்கை ஞானபூரணியும், நீங்கள் சென்னையிலிருந்து ரயிலேற்றி அனுப்பிய மூன்று தங்கமீன்களும் நலம். அந்த மூன்றையும் நலம் என்று எழுதுவதற்கு நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மீன் கேட்டு எழுதியபோது காரணத்தை நான் எழுதவில்லை, வெட்கம்தான். போன சீசனில் நான் வரைந்த தாமரை மார்க் லேபிளைப் பார்த்து, முட்டைக்கோஸ் நன்றாக வந்திருக்கிறது என்று ஏஜெண்டுகள் பாராட்டிவிட்டார்கள். அடுத்ததாக சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி வெள்ளைத்துரை ‘தங்கமீன் மார்க்’ ஆர்டர் கொடுத்ததும், இதுவும் கெட்டால் தூரிகையை வைத்துவிட்டு அச்சுக்கல் தேய்க்கிற பக்கம் போய்விட வேண்டியதுதான் என்று எங்கள் பிரஸ் மேனேஜர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் படம் வரைந்த கை. அதனால்தான் இந்தத் தடவை உயிருள்ள மீனைப் பார்த்தே வரைவது என்று தீர்மானித்தேன்.

கண்ணாடித் தொட்டியைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டு, தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து வரைந்தேன். ஐந்தாம் நாள் பெரிய மீனின் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வந்தன. பட்டணத்து மீனுக்கு வயசு வந்தால் இப்படி ஓர் அழகு ஏறும் போலிருக்கிறது என்று நினைத்து, ஒன்று விடாமல் எண்ணி, நாற்பத்து மூன்றையும் பிரஸ்ஸில் அச்சுக்கல்லின் மேல் கொண்டுவந்துவிட்டேன். வேலை நன்றாக வந்த சந்தோஷத்தில் உங்கள் தங்கையைக் கூப்பிட்டு மீனைக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடிந்து வந்தவள் குனிந்து பார்த்தாள்.

“இது அழகில்லங்க, சீக்கு. படம் போடுறத நிறுத்திட்டுக் கல்லுப்பு எடுத்துட்டு வாங்க” என்றாள்.

உங்கள் மீனுக்குச் சீக்கு என்று நான் குறை சொல்ல வரவில்லை. உங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஆரோக்கியசாலிகள். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீடு வார்டு ஆகிவிட்டது. பெரிய மீன் தனி எனாமல் பேசினில். சின்னவை இரண்டும் தொட்டியில். உப்பு இத்தனை கரண்டி, தண்ணீர் மாற்றிய நேரம் இன்னது என்று சுவரில் சார்ட் தொங்கியது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் புள்ளி சீக்கிரம் உதிருமாம். இந்த ஊர் வெயிலில் அதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, ஜன்னலோரம் வைத்தாலே போதும்.

அடுத்த வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற சண்முகத்தாய் எட்டிப் பார்த்துவிட்டு, மீனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி, கேட்காமலே ஒரு பிடி வேப்பிலை கொண்டுவந்து வாசல் ஆணியில் செருகினாள். நாங்கள் வேதக்காரர்கள், என்ன சொல்வது? நல்ல மனசோடு செய்கிறவளைத் தடுக்க வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து வெள்ளைத்துரை, தன் மார்க் மீனை நேரில் பார்க்க காரில் வந்து இறங்கினார். உள்ளே பேசினில் மீன் ஒருக்களித்துக் கிடக்கிறது. சண்முகத்தாய் வாசலில் எழுந்து நின்று, “உள்ள ஆத்தா வந்திருக்கா, போகாதீக” என்றாள். அவர் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டார். என் வேலையைக் காப்பாற்றியது அவள்தான்.

பதினோராம் நாள் கடைசிப் புள்ளியும் உதிர்ந்தது. பெரியவர் தீனிக்கு முட்டி மோதுகிறார். நானும் கல்லில் விட்டிருந்த வெள்ளைப் புள்ளிகள் நாற்பத்து மூன்றையும் மை வைத்து அடைத்து, புள்ளியோடு அச்சடித்துப் பார்த்த புரூப் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். இப்போது லேபிளில் மீன் மீனாகவே இருக்கிறது. மேனேஜர் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் அதற்கு மேல் யாரையும் புகழ்ந்ததில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருக்கிறேன், மைத்துனரே. உங்கள் வீட்டார் அனைவரையும் ஆண்டவர் தம் செட்டைகளின் நிழலில் காப்பாராக.

தங்கள் அன்புள்ள,
செல்வநாயகம்.

பி.கு.: உறையை ஒட்டும்போது வெள்ளைத்துரை மறுபடியும் வந்தார். வீட்டில் யாருக்கு அம்மை போட்டிருந்தது என்று வாசலில் சண்முகத்தாயிடம் கேட்டிருக்கிறார். அவளுக்குப் பொய் வராது, மீனுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். அவர் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் மார்க்குல ஆத்தாளே இறங்கியிருக்கா. அந்த முத்தோட படத்தப் போடுங்க. ஒண்ணு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், சாமி குத்தமாயிரும்” என்கிறார். இல்லையென்றால் ஆர்டர் இல்லையாம். எந்தப் புள்ளி எங்கே இருந்தது என்று எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. மீன்களோ மூன்றும் பளபளவென்று இருக்கின்றன. ஆகவே, அங்கே சீக்குள்ள தங்கமீன் ஒன்று கிடைத்தால் உடனே ரயிலேற்றவும். பிரஸ் விலாசத்துக்கு அனுப்புங்கள். உங்கள் தங்கை பார்த்தால் குணமாக்கிவிடுவாள்.