அத்தானின் ஜெபம் பதினோரு விநாடி ஆன கதை

கர்த்தருக்குள் பிரியமான அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் எல்லோரும் கிருபையால் சுகம், என் இடது முழங்கால் மட்டும் அந்தக் கிருபைக்குள் இன்னும் வந்துசேரவில்லை. நீங்களும் அக்காவும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம், சுருக்கமாக.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நம் சபைக்காக என் மகள் எடுத்த குறும்படம், சபைகளுக்கான குறும்படப் போட்டி விழாவில் திரையிடப்படுகிறது. இரண்டு அழைப்புச் சீட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். “மாமாவ வரச் சொல்லி எழுதுங்கப்பா, ரெண்டு வரி போதும்” என்றாள் அவள். இரண்டு வரியில் முடிகிற விஷயமா இது? உங்கள் அலுவலகத்தில் பாதிப் பேரை நீங்கள் அழைத்துவிட்டதாகக் கேள்வி. அத்தனை பேர் நடுவில் அதிர்ச்சி அடைவதைவிட என் மூலமாக இப்போதே அடைந்துவிடுங்கள். நீங்கள் ஜெபிக்கும் காட்சி படத்தில் பதினோரு விநாடிதான் வருகிறது. நேரில் வந்து சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறக்குமுன் “முதல்ல ஒரு ஜெபம் பண்ணிருவோம்” என்பீர்கள், பிறகு கடைசிப் பேருந்தும் போய்விடும்.

கோபப்படாதீர்கள் அத்தான். அவள் காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டுப் படத்தொகுப்பு வேலைக்குப் போனபோது, “படத்த வெட்டி ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையா?” என்று சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். அதிலிருந்து இரண்டு வருடமாக நீங்கள் இருவரும் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டதோடு சரி. நடிக்க ஒப்புக்கொண்ட பாடகர் குழுத் தலைவருக்கு அம்மை போட்டுவிட்டது என்றதும் நீங்களாகவே “நான் வர்றேன்” என்று போன் பண்ணினீர்களே, அன்று அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்று அழுதாள். இப்போது நீங்கள் முறுக்கிக்கொண்டு வராமல் இருந்தால் அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். படம் ஓடும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க என்னால் ஆகாது.

படப்பிடிப்பில் நீங்களும்தான் இருந்தீர்கள், இவன் என்ன எனக்கே கதை சொல்கிறான் என்று நினைக்கலாம். நீங்கள் இருந்தீர்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தீர்கள். அதனால் நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. விழாக்காரர்கள் வியாழன் மாலை நான்கு மணிக்குச் சீட்டுக் குலுக்கி நமக்குக் கொடுத்த தலைப்பு ‘காத்திருத்தல்’, படத்தில் கட்டாயம் வரவேண்டிய பொருள் குடை, நீளம் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி போகக்கூடாது, ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். மனைவி உள்ளே ஆபரேஷனில் இருக்கிறாள், கணவன் வெளியே மண்டியிட்டு ஜெபிக்கிறான், டாக்டர் கதவைத் திறக்கிறார், இவ்வளவுதான் அவள் எழுதிய கதை. மறுநாள் காலை ஞாயிறு பள்ளி வராந்தாவில் குழந்தைகள் வரைந்த ஒட்டகங்களை எல்லாம் கழற்றி ஆஸ்பத்திரி ஆக்கினோம். முப்பது வருடம் மருந்துக் கடையில் நின்றவன், சொந்தமாக வெள்ளைக் கோட்டு உள்ளவன் என்ற தகுதியில் நான் டாக்டர்.

முதல் டேக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதில் நீங்கள் வசனத்தை மறந்துவிட்டீர்கள். இரண்டாவது டேக்கில்தான் மடை திறந்தது. சபையில் சுகவீனமாயிருக்கிற அத்தனை பேருக்காகவும், வியாதியின் பெயர் உட்பட, ஜெபித்தீர்கள். நடுவர்களின் இருதயத்தைத் திறக்கச் சொன்னீர்கள். போட்டியில் உள்ள மற்ற சபைகளின் படங்களும் நன்றாக வரவேண்டும் என்று கேட்டீர்கள், அது நமக்குத் தேவையா? நீங்கள் “ஜெபிப்போம்” என்று ஆரம்பித்ததுமே பழக்க தோஷத்தில் எல்லோரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்துவிட்டோம், கேமராவைப் பிடித்திருந்த கல்யாண வீடியோக்காரர் உட்பட. முக்காலியின் திருகு தளர்ந்து கேமரா மெல்ல மெல்லத் தலை கவிழ்ந்ததைப் பார்க்க ஒரு கண்ணும் திறந்திருக்கவில்லை. ஒன்பதாவது நிமிடத்திலிருந்து பதிவாகியிருப்பது உங்கள் செருப்பு. வீடியோக்காரருக்குச் சீக்கிரம் வரன் அமைய வேண்டும் என்று நீங்கள் கேட்ட இடத்தில் அவர் சொன்ன “ஆமென்” காதைக் கிழிக்கிறது. “ஏம்மா, நீயாவது கட் சொல்லக்கூடாதா?” என்று பிறகு கேட்டேன். “மாமா ஜெபம் பண்ணும்போது எப்படிப்பா கட் சொல்றது?” என்றாள். அதுவும் நியாயம்தான்.

மூன்றாவது டேக்குக்கு முன் யாரும் ஆமென் சொல்லக்கூடாது என்று கண்டித்துச் சொன்னாள். யாரும் சொல்லவில்லை, ஆனால் ஒலிப்பதிவு செய்த ஆர்மோனியக்காரர் மூச்சு விடுவது போல “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார், அதுவும் மைக்குக்குப் பக்கத்தில். நான்காவதில் கேமராவின் பேட்டரிக்காக ஜெபித்தீர்கள், அந்த நிமிடமே அது உயிரை விட்டது. சாயங்காலம் மழை பிடித்துக்கொள்ள, நீங்கள் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அது போட்டிக் குடை அத்தான்! மறுநாள் சனிக்கிழமை காலை குடைக் காட்சி எடுக்கக் குடை இல்லாமல், வீடியோக்காரர் பதினெட்டு நிறுத்தம் பேருந்தில் நின்றுகொண்டே வந்து உங்கள் குளியலறைக் கதவிலிருந்து அதை மீட்டுவந்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து சபை அலுவலக அறையில் உட்கார்ந்து அவள் படத்தை அனுப்பி முடித்தபோது மணி மூன்று ஐம்பத்தாறு. இவ்வளவுக்கும் காரணம் யார் என்று நான் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

ஆகவே பெரிய மனது பண்ணி, பதினோரு விநாடி போதும் என்று வந்து உட்காருங்கள். படம் ஓடும்போது சத்தமாக ஆமென் சொல்ல வேண்டாம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும், விசேஷமாகச் சனிக்கிழமை வரத்தை, காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்க மகளிடம் கொடுத்தேன், முழுவதும் படித்துவிட்டு “ஏம்பா உண்மைய எழுதல?” என்று கேட்டு என்னையும் கடிதத்தையும் உட்காரவைத்துவிட்டாள். உண்மை இதுதான். முதல் டேக்கில் நீங்கள் வசனத்தை மறக்கவில்லை. மண்டியிட்டீர்கள், “ஆண்டவரே” என்றீர்கள், அதற்குமேல் வரவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டீர்கள். அவள் எழுதியிருந்ததே அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் நின்ற டாக்டர்தான் பொறுக்கமாட்டாமல், “அத்தான், ஜெபம் பண்ணுங்க, கேமரா ஓடுது!” என்று கத்தினார். அதன்பிறகுதான் இரண்டாவது டேக்கில் நீங்கள் பதினான்கு நிமிடம் ஜெபித்தீர்கள். நான் கத்துவதற்கு முந்தைய பதினோரு விநாடியைத்தான் அவள் ஒரு துணுக்கும் குறைக்காமல் வைத்திருக்கிறாள். “அதுதாம்பா படமே” என்கிறாள். வெட்டப்பட்டது நான். படத்தில் டாக்டரே கிடையாது, கதவு மட்டும் திறக்கிறது.

இன்னொன்று அவளுக்கும் தெரியாது. போன வருடம் அக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்றும் நீங்கள் இப்படியேதான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். “அத்தான் மூணு மணி நேரமும் விடாம ஜெபம் பண்ணாரு, அக்கா” என்று அக்காவிடம் அளந்தது நான். நீங்கள் மறுக்கவும் இல்லை, தலையை நிமிர்த்தவும் இல்லை. அத்தான், சனிக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்று நீங்கள் எப்படி ஜெபித்தீர்கள் என்று அக்கா பார்க்கட்டும்.