லகானும் தலைப்பாகைக்காரரும்

எழுபதுகளில் ஜவ்வாது மலை முழுவதிலும் குதிரையேற்றம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அதை அவரே சொல்வார். அவர் ஏறியது மட்டக்குதிரை. உட்கார்ந்தால் கால் தரையைத் தொடும். ஊர் அவருக்கு வைத்த பெயர் லகான்.

செங்கம் சந்தையில் புளி மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது குதிரை மேல் வருவார். கற்றது ஒரு புத்தகத்திலிருந்து. பாரஸ்ட் பங்களாவுக்கு வெள்ளையடித்தபோது வெளியே எறிந்த, வெள்ளைக்காரர் காலத்துக் குதிரையேற்றப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் தொப்பியும் பூட்ஸுமாகத் துரைகள். ஒவ்வொரு துரைக்கும் காதிலிருந்து குதிகால் வரை ஒரு புள்ளிக்கோடு. கடைசியில் மட்டும் கோடு இல்லாமல் ஒரு தலைப்பாகைக்காரர், பின்னால் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி, முழங்கையை விரித்தபடி.

லகானுக்கு எழுத்து தெரியாது. “தொப்பி போட்டவனுங்கல்லாம் கத்துக்கிறவனுங்க. அதான் கோடு போட்டுத் திருத்திக்கீது. நம்ம ஆளுதான் வாத்தியாரு” என்பார். அந்தத் தலைப்பாகைக்காரரைப் போலவே சாய்ந்து வருவார். எதிரே பஸ் வந்தால் டிரைவர்தான் ஒதுங்க வேண்டும்.

ஒருநாள் புதிதாக வந்த பாரஸ்ட் அதிகாரி அந்தக் குதிரையை இரவல் வாங்கி, துரை போல விறைப்பாக உட்கார்ந்தார். முதல் இறக்கத்திலேயே குதிரையின் கழுத்து வழியாக இறங்கி, உண்ணிச்செடிப் புதரில் உட்கார்ந்தார்.

மறுநாள் லகான் புத்தகத்தோடு டீக்கடைக்கு வந்தார். நான் அப்போது அந்த ஊரில் கூட்டுறவுக் கடை குமாஸ்தா. பி.ஏ. படித்த திமிர் வேறு.

“சார், தொப்பிக்காரன் மாரி குந்தினவரு வுழுந்துட்டாரு. நம்ம ஆளுக்கு அடியில இன்னா எழுதிக்கீது? எல்லாருக்கும் கேக்குற மாரி படிங்க.”

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யோவ் லகான், இப்படி உட்காரவே கூடாது, இது இந்த நாட்டு ஆளுங்க உட்கார்ற முறைன்னு போட்டிருக்குய்யா!”

கடையே சிரித்தது. லகான் அந்தப் படத்தை விரலால் ஒருமுறை தடவினார்.

“அப்போ இத்தினி வருசமா ஊருக்கு முன்னாடி தப்பாவா குந்தினு வந்தேன்? சரிங்க சார்.”

அடுத்த சந்தையிலிருந்து நடந்தே வந்தார். குதிரை காலியாகப் பின்னால் வந்தது. ஏறச்சொல்லிப் பலமுறை கெஞ்சினேன். “வாணாங்க சார்” என்று முடித்துவிட்டார். எனக்கு மாற்றல் வரும்வரை அவர் ஏறவே இல்லை.

அந்த இறக்கத்துக்கு அந்தச் சாய்வுதான் சரி. புதரில் விழுந்தவரைப் பார்த்த பிறகும், நான் அச்சில் இருந்ததைத்தான் நம்பினேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தகத்தில் இருந்ததைவிட அது பெரிய பொய்யாக இருந்திருக்காது.

லகான் ஐயா, குதிரை மேல் நீங்கள் அவ்வளவு அழகாக இருப்பீர்கள். இதை அன்றைக்கே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நான் சொல்லியிருக்க வேண்டும்.