மூன்றாவது கேள்வியின் மாமா

“சார், இந்த நாவல்ல மாமாவே இல்ல சார்.”

ஏழாம் வகுப்புச் சிறுமி விடைத்தாளோடு மேசை முன்னால் நின்றாள். மூன்றாவது கேள்வி, ‘மாமாவின் மௌனம் சரியா? கட்டுரை வரைக.’ அவள் ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘நாவலில் மாமா யாரும் இல்லை.’ வாத்தியார் அதற்கு முட்டை போட்டிருந்தார்.

அவர் நாவலின் பின்னட்டையைத் தாண்டியதில்லை. கேள்விகளையும் அலமாரியில் கிடந்த பழைய வினாத்தாளிலிருந்து அப்படியே சுட்டிருந்தார்.

“நல்லாப் பாரும்மா. அவர்தான் மௌனமா இருக்காரே, அதான் உன் கண்ணுல படல.”

“மூணு தடவ படிச்சேன் சார்.”

மூணு தடவை! வாத்தியாருக்கு உடம்பு கூசியது. அதை வெளியே காட்ட முடியுமா? வகுப்பைத் துணைக்கு அழைத்தார்.

“மாமாவைப் பத்தி யார் சொல்றீங்க?”

“ரொம்பப் பொறுமைசாலி சார்!”

“எப்பவும் குடையோடதான் வருவாரு சார்!”

“கடைசியில செத்துடுவாரு சார். எனக்கு அழுகையே வந்துடுச்சு!”

இத்தனை சாட்சிகளுக்குப் பிறகு வாத்தியாருக்கே மாமா மேல் பாசம் வந்துவிட்டது. சிறுமி மட்டும் மசியவில்லை.

“எந்தப் பக்கம்னு காட்டுங்க சார்.”

புத்தகத்தைப் புரட்டினார். அம்மா இருந்தாள். ஆடு இருந்தது. அத்தை ஒருத்தி அகப்பட்டாள். பாவி, அவளும் கல்யாணம் செய்துகொள்ளாதவள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. காது மடல் சுட்டது.

பேசாமல் முட்டையை அடித்திருக்கலாம். “படிக்காம வாதாடுறியா? வா, பெரிய மேடம்கிட்ட!” என்று கத்திவிட்டார்.

சிறுமி கண் கலங்கப் பின்னால் வந்தாள். வராந்தாவில் நடக்கும்போது, ‘படிக்காதவன் நான்தாம்மா’ என்று சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. வெட்கம் விடவில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தலைமையாசிரியை வினாத்தாளைப் பார்த்தார். சிறுமியின் ஒரு வரியைப் படித்தார்.

“மத்தவங்க எல்லாம் எழுதியிருக்காங்களா?”

“பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க மேடம். இவதான் அடம் பிடிக்கிறா.”

தலைமையாசிரியை சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். முட்டையை அடித்து முழு மதிப்பெண் போட்டார்.

“புத்தகத்தைத் தொடாதவங்களைப் பிடிக்க, நான் ஏழாம் வகுப்பு எடுத்தப்ப வச்ச கேள்வி சார் இது. இதுவரைக்கும் பசங்கதான் மாட்டியிருக்காங்க.”