மைனர் கணக்குக்குப் பூட்டு

முதலில் வம்புக்கு வந்தது மச்சான்தான். காயில்காரர் இதை யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வார்.

மோட்டாருக்குக் காயில் சுற்றியே காலம் தள்ளிய மனிதர். தொழிலை விட்ட பிறகு, மகள் உருவாக்கிய கேரம் விளையாட்டில் போனும் கையுமாக இறங்கினார். வந்தவன் போனவனையெல்லாம் தோற்கடித்து முதலிடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் ‘மைனர்’ என்ற பேரில் ஒரு ஆள் நுழைந்து, இவர் கண்ணெதிரே சிவப்புக் காயைக் குழியில் தள்ளியது. அதோடு விட்டதா? பல்லைக் காட்டிச் சிரிக்கும் பொம்மை ஒன்றையும் அனுப்பியது.

குடும்பத்தில் மைனர் என்றால் ஒரே ஆள்தான். மனைவியின் தம்பி. மன்னிப்புக் கேட்காதவரை அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று சபதம் போட்டார். அவன் வாசலில் செருப்பைக் கழற்றினால் இவர் மாடி ஏறிவிடுவார்.

இன்று சாயங்காலம் இறுதி ஆட்டம். இவரும் மைனரும்.

காலையில் முன்னறையில் மகள் கம்ப்யூட்டர் முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, முகம் வெளிறிக் கிடக்கு?”

“ஏபிஐயை சர்வர்ல ஏத்தறேன்ப்பா. ஆடறவங்க பேரு, பாஸ்வேர்டெல்லாம் இதுவரைக்கும் நானே கையால டேட்டாபேஸ்ல போட்டேன். இனிமே அது பூட்டின ரூம். ஏபிஐ அதுக்கு ஒரு ஜன்னல் மாதிரி. வர்றவங்க ஜன்னல்ல பேரையும் பாஸ்வேர்டையும் சொல்லணும். அது உள்ள பார்த்துட்டு, வரலாமா கூடாதான்னு சொல்லும்.”

“தப்பாச் சொன்னா?”

“மூணு தடவை தப்பாச் சொன்னா, நாளைக்கு வரைக்கும் அந்தப் பேருக்குக் கதவு திறக்காது.”

காயில்காரரின் மீசை துடித்தது. “எந்தப் பேரா இருந்தாலும்?”

“எந்தப் பேரா இருந்தாலும். ஏம்ப்பா?”

“சும்மாதான். பொது அறிவு.”

கொஞ்ச நேரத்தில், “ஏத்தியாச்சு! எல்லாரும் உள்ள போய்ப் பாருங்க!” என்று கத்தினாள் மகள். காயில்காரர் போனோடு மாடிப்படிக்கு அடியில் பதுங்கினார். பேர்: மைனர். பாஸ்வேர்டாக எதையாவது தப்பாகப் போடவேண்டும். தப்பாகப் போடுவதிலும் ஒரு திருப்தி வேண்டாமா? பல்லைக் கடித்துக்கொண்டு ‘தண்டச்சோறு’ என்று தட்டினார்.

‘வருக மைனர்’ என்று கதவு திறந்தது.

திகைத்த வாயை மூடுவதற்குள் சமையலறையிலிருந்து ஒரு அலறல்.

“ஏ பொண்ணே! என்ன ஜன்னல் வெச்சே நீ? ஆடிக்கிட்டு இருந்தவளை வெளிய தள்ளிடுச்சு!”

“உன் பேர்ல வேற போன்ல யாரோ நுழைஞ்சிருக்காங்கம்மா. ஒரு பேருக்கு ஒரு போன்தான்.”

கரண்டியோடு வந்த மனைவி, மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

“நீயா மைனர்?” என்றார் காயில்காரர்.

“ஏன், நானா இருக்கக் கூடாதா? என் பேர்ல வந்தா நீங்க ஆடுவீங்களா? ‘போய் அடுப்பைப் பாரு’ம்பீங்க.”

“அதுக்கு உன் தம்பி பேரா கிடைச்சுது?”

“அவன்கிட்ட இருக்கறது பட்டன் போனுங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே விஷயம் தெரிஞ்சிருக்கும். நீங்கதான் பேசறதில்லையே!”

“பாஸ்வேர்டு தண்டச்சோறா?”

“பொழுது விடிஞ்சா அவனை அப்படித்தானே திட்டறீங்க? மறக்காதுன்னு வெச்சேன். அது இருக்கட்டும், என் கணக்குல உங்களுக்கென்ன வேலை?”

மகள் ஓடி வந்தாள். “அப்பா, பெரிய ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டீங்க! அம்மா சொன்ன லேசான பாஸ்வேர்டை நான் அப்படியே போட்டிருக்கக் கூடாது. இப்பவே சரி பண்றேன்.”

“அதைச் சோதிக்கத்தாம்மா நான்...”

“சோதிச்சது போதும்,” என்றாள் மனைவி. “தம்பிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க.”

“நானா? எனக்குல்ல வரணும் மன்னிப்பு!”

“வரும், வரும். மொதல்ல நீங்க கேளுங்க.”

கேட்டார்.

“அத்தான், நீங்க என்மேல கோவமாவா இருந்தீங்க?” என்று மறுமுனையில் மச்சான் கத்தினான். “என்னைப் பார்த்ததும் மாடி ஏறுவீங்களே, மூட்டுவலிக்கு டாக்டர் ஏறச் சொல்லியிருக்காராக்கும்னு நெனச்சேன்!”

இத்தனை நாள் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம். அப்படி ஒன்று இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை. காயில்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் இறுதி ஆட்டத்துக்குக் கணவனும் மனைவியும் ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள். இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று! அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எனக்கு வரவேண்டிய மன்னிப்பு?”

“பேசாம இருங்க,” என்றாள் அவள். “குறி பார்த்துக்கிட்டு இருக்கேன்.”