இச்சுவர் வெள்ளை என அறிக

அடையாள அட்டை அலுவலகத்தின் படம் பிடிக்கும் அறையில் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. கட்டடம் திறந்த அன்று ஒரு பெரிய அதிகாரி தம் உரையில் அதை வெள்ளை என்று குறிப்பிட, கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு தூசியும் தேநீர் ஆவியும் படிந்து படிந்து அது பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் கைதட்டலை யாரும் திரும்பப் பெறவில்லை.

படக்காரர் அங்கே பல வருடங்களாகத் தற்காலிகமாக இருந்தார்.

"நீங்க தற்காலிகம்னா நான் யாரு? தற்காலிகத்தோட சம்சாரமா?" என்று வீட்டில் கேட்பாள் மனைவி. வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு மேலதிகாரி மனசு வைக்க வேண்டும், மருத்துவர் உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவருக்கு இருந்த கவலை அவ்வளவுதான்.

இந்த நிலையில் புது கேமரா வந்தது. கேமராவுக்குத் தானாக வெள்ளை எது என்று தெரியாது. நாம் ஒன்றைக் காட்டி 'இதுதான் வெள்ளை' என்று சொன்னால் அப்படியே நம்பி, மற்ற நிறங்களையெல்லாம் அதற்குத் தோதாக மாற்றிக்கொள்ளும். அந்த வகையில் அலுவலகத்துக்கு மிகப் பொருத்தமான கருவி.

படக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார்.

"என்னய்யா அது?" என்றார் மேலதிகாரி.

"வெள்ளை காட்டுறதுக்கு சார்."

"ஆபீஸ்ல அவ்வளவு பெரிய வெள்ளைச் சுவர் இருக்கும்போது, வெளியிலிருந்து வெள்ளை எதுக்கு?"

"சார், சுவர் கொஞ்சம் மஞ்சளா..."

மேலதிகாரி மிகுந்த பரிவோடு பக்கத்தில் வந்தார். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்வாங்க. உடம்பு எப்படிய்யா இருக்கு? நிரந்தரத்துக்கு டாக்டர்கிட்ட வேற போகணுமே நீ."

படக்காரர் சுவரைப் பார்த்தார். மனைவியை நினைத்துக்கொண்டார். "பளிச்சுனு வெள்ளை சார்" என்றார். அட்டை பைக்குள் போனது.

கேமரா சுவரின் மஞ்சளை வெள்ளை என்று நம்பியது. நம்பிய குற்றத்துக்கு, அந்த மஞ்சளைக் கழிக்க எல்லோர் முகத்திலும் நீலத்தை ஏற்றியது.

அட்டையோடு முதலில் முறையிட வந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். "கிணத்துல விழுந்து மூணு நாள் கழிச்சு எடுத்த மாதிரி இருக்கேன். வங்கி வாசல்ல காவலாளி உள்ளே விட மாட்டேங்கறான். மூஞ்சி பொருந்தலையாம்."

"அட்டையில முத்திரை இருக்கா?" என்றார் மேலதிகாரி.

"இருக்கு."

"உங்க மூஞ்சில இருக்கா?"

வாத்தியார் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். இல்லை.

"அப்போ எதைத் திருத்தணும்? நீங்களே சொல்லுங்க."

பொதுமக்கள் மேல் கருணை கொண்டு, மேலதிகாரி மேற்படி சிக்கலுக்குத் தீர்வும் கண்டார். முகம் சரிபார்க்கும் இடங்களிலெல்லாம் நீல விளக்கு போட ஆணை பிறந்தது. அதன்கீழ் நின்றால் எந்த மூஞ்சியும் அட்டையோடு பொருந்தியது. வங்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று விளக்கு பரவியது. பிறகு ஜனங்களே கடைக்கும் கூடத்துக்கும் வாங்கி மாட்டி, பகலிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கல்யாணப் பெண்கள் நீலப் பவுடர் கேட்டார்கள். "என் பையன் இயற்கையிலேயே லேசா நீலம்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் பெருமையடித்தாள். வாத்தியார்கூட அட்டையைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

மருத்துவர் படக்காரரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தச் சுவர் என்ன நிறம்?"

"வெள்ளை."

"உடம்பு தங்கம். வேலையில சேருங்க."

வேலை நிரந்தரமான மறுநாள் காலை ஊரில் மின்சாரம் இல்லை; நீல விளக்கு எதுவும் எரியவில்லை. ஜன்னலைத் திறந்து, வெயிலில் நின்ற மனைவியைப் பார்த்த படக்காரருக்குத் திக்கென்றது.

"என்னடி, இப்படி மஞ்சளா இருக்கே?"

"நான் கேக்கணும்னு இருந்தேன். நீங்க கண்ணாடியில பாத்தீங்களா?"

இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வாசலில் ஊரே நின்றது. ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள். வரிசையில் முதல் ஆள் மேலதிகாரி. பக்கத்தில் அவர் மனைவி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு.

ஜெனரேட்டர் ஓடியது. மருத்துவர் ஒவ்வொருவராக நீல விளக்கின்கீழ் நிறுத்திப் பார்த்து ஒரே மருந்தைச் சொன்னார். "உள்ளே நல்லாத்தான் இருக்கீங்க. வெயில்தான் ஒத்துக்கல. வெளியே போகாம இருந்தா சரியாயிடும்."

படக்காரருக்கு மட்டும் மனசுக்குள் ஏதோ அரித்தது. ஒரு எட்டு வெளியே வந்து, நல்ல வெயிலில், சட்டைப் பையிலிருந்த பழைய அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க அது?" என்றாள் மனைவி.

"வெள்ளை அட்டைன்னு வச்சிருந்தேன். பாவம், இதுக்கும் காமாலை" என்று சொல்லி, அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, வெளிச்சத்துக்கு உள்ளே போனார்.