காதண்ணன் கேட்ட டமார்

வாழ்நாள் முழுக்க சினிமா காட்டியும் ஒரு படத்தின் கதைகூடத் தெரியாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எம். புதுப்பட்டிப் பக்கம் நான் டிக்கெட் கிழித்த டூரிங் டாக்கீஸில் அவர் ஆபரேட்டர். ஊரே அவரைக் காதண்ணன் என்றுதான் கூப்பிடும்.

திரையில் அவர் பார்த்ததெல்லாம் உதடு மட்டுமே. உதடும் வசனமும் ஒட்டிப் போக வேண்டும். "கடைசியில அந்தப் புள்ள செத்துப் போச்சாண்ணே?" என்று கேட்டால், "அதெல்லாம் யாரு கண்டா? வாய் சரியா அசைஞ்சுச்சு" என்பார்.

கொட்டகை நிறைந்தால் சத்தத்தைக் கூட்டுவார், காலியாகக் கிடந்தால் குறைப்பார். அப்படியும் திருப்தி வராமல், மெஷினை உதவியாளிடம் விட்டுவிட்டுத் தரை டிக்கெட்டுக்கு நடுவே வந்து உட்காருவார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் கட்டமாகப் பார்த்து, "வசனம் தெளிவாக் கேக்குதா தாயி?" என்பார்.

"கொஞ்சம் அழ விடுங்கண்ணே!"

"தாராளமா அழுங்க. சத்தம் போடாம அழுங்க. பின்னால உள்ளவுகளுக்கு வசனம் கேக்க வேண்டாமா?"

சிறு பிசகு என்றாலும் படத்தை நிறுத்திவிடுவார். விசில் பறக்கும். பொறுத்துப் பார்த்த முதலாளி ஒருநாள், "இன்னொருக்க நிப்பாட்டுனீக, வேற வேலை பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். காதண்ணனுக்கு வேறு வேலை தெரியாது.

அது தீபாவளி சீசன். முதல் ஆட்டம். வில்லன் துப்பாக்கியைத் தூக்கினான். விசையை அழுத்துவதற்கு முன்பே டமார்!

"சத்தம் முந்துது!" என்று பதறிய காதண்ணன் படத்தை நிறுத்தி, பிலிமைக் கழற்றி மாட்டினார். மறுபடி ஓட்டினார். வில்லன் சுட்டு ஓய்ந்து, கதாநாயகன் சாவகாசமாக எழுந்து தூசி தட்டிய பிறகு இன்னொரு டமார்.

"இப்ப பிந்துது!" மறுபடியும் நிறுத்தம். அடுத்த முறை கதாநாயகி பூப்பறித்துக்கொண்டிருந்தாள். அதற்கும் டமார். காதண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி ஓடிவந்தார். "யோவ், கண்மாய்க்கு அங்கிட்டு வெடிக் கம்பெனியில ஆர்டர் பார்ட்டிக்குச் சாம்பிள் போட்டுக் காட்டுறாகய்யா! அதுக்கு என் படத்தையா நிப்பாட்டுவீரு?" காதண்ணனின் வேலை அங்கேயே போயிற்று.

மறுநாள் புது ஆள் ஓட்டினார். படம் நிற்கவே இல்லை. ஆனால் கதாநாயகன் வாயை மூடிய பிறகுதான் வசனம் வந்தது. ஆட்டம் விட்டதும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் முதலாளியை வாசலிலேயே மறித்தார்கள். "காதண்ணன் வரட்டும், பெறகு நாங்க வாறோம். இந்த ஆளு ஓட்டுனா அழுகையே வரமாட்டேங்குது" என்றார்கள். முதலாளி வேறு வழியில்லாமல் ஆளனுப்பினார்.

திரும்பி வந்த காதண்ணன் முதல் காரியமாக வெடிக் கம்பெனிக்குப் போனார். "இடைவேளை வரைக்கும் பொறுங்க, புண்ணியமாப் போகும்" என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் சரி என்றார்கள். அன்று இடைவேளையில் எல்லோரும் வெளியே வந்து நின்றோம். கண்மாய்க்கு மேலே வெளிச்சம் பூத்தது. சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வந்தது.

நான் பயந்துபோய் அவரைப் பார்த்தேன்.

"விடுலே, அது அப்படித்தான் வரும்" என்று சிரித்துவிட்டு, ஒரு படத்தையும் பார்க்காத அந்த மனுஷன் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெடியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.